ஒரு சொட்டுப் பால், ஒரு பொறி: தெறிப்புப் படம் பிறந்த கதை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான அனலைதீவுக்குப் போகிறவர்கள் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகு ஏறுவார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் வேலணைத்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லைடன். அனலைதீவை ரொட்டர்டாம் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், எழுவைதீவை ஹோர்ன் என்றும் அழைத்தார்கள். தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களையெல்லாம் கொண்டுவந்து நம்முடைய கடலில் ஒட்டிவிட்டு, 1795இல் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் விட்டுப் போய்விட்டார்கள். இந்த நான்கில் மற்ற மூன்றை இன்று யாரும் சொல்வதில்லை. லைடன் மட்டும் சில வரைபடங்களில் இன்னும் கிடக்கிறது.

இந்தக் கதை அந்த மூல லைடனில் இருந்து தொடங்குகிறது. 1746இல் அங்கே பீட்டர் வான் முஸ்சன்புரூக் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடிச் சாடித் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பார்த்தார். சேர்ந்தது. எதிர்பாராமல் அது உடம்பில் பாய்ந்து ஆளை உலுப்பியும் விட்டது. ஜெர்மன் பக்கத்தில் வான் கிளைஸ்ட் என்பவர் சில மாதங்களுக்கு முன்பே இதைக் கண்டிருந்தார். ஆனாலும் பெயர் லைடனுக்குத்தான் போயிற்று: லைடன் சாடி. பிறகு சாடியின் உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டினார்கள். தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த மின்சாரம் முழுவதும், இரண்டு கம்பி முனைகளைக் கிட்டக் கொண்டுவந்ததும், ‘சடக்’ என்ற ஒரே பொறியில் தீர்ந்துவிடும்.

தண்ணீரில் விழுந்த சொட்டு கிரீடமாக எழுந்து நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, “இது என்ன கமரா?” என்பதுதான். கமரா இந்தக் கதையில் கடைசியாக வந்த விருந்தாளி. வேகம் இருந்தது அந்தப் பொறியில்.

மாரி காலத்து இரவில், வாடைக்காற்றோடு மழை இறங்கும்போது, கடலில் போயிருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. மின்னல் அடிக்கும் கணத்தில் அலை எழுந்தபடியே நிற்கும், மழைத்துளிகள் அந்தரத்தில் தொங்கும். கடலும் மழையும் தம் போக்கில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவை அசைவதற்குள் வெளிச்சம் முடிந்துவிடுகிறது, கண்ணுக்குக் கிடைத்தது அந்த ஒரு துணுக்குத்தான். இதை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் லண்டனில் இருந்த சார்ல்ஸ் வீட்ஸ்டன். சுழலும் கண்ணாடி ஒன்றில் பொறியைப் பார்த்து, அதன் வெளிச்சம் வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை என்று 1834இல் எழுதினார். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் அந்த வெளிச்சத்தை விழுத்தினால் ஆரக்கால்கள் அப்படியே நிற்பதாகத் தெரியும்.

கண்ணுக்கு நிற்பது புகைப்படத் தகட்டிலும் நிற்குமா? 1851 ஜூன் 14 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டால்பட் இதைச் செய்து காட்டினார். ‘டைம்ஸ்’ செய்தித்தாளில் ஒரு துண்டைச் சக்கரத்தில் ஒட்டினார். அறையை இருட்டாக்கினார். கமராவின் வாயைத் திறந்தே வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டு, வரிசையாகக் கோத்த லைடன் சாடிகளிலிருந்து ஒரு பொறி கொடுத்தார். கழுவிப் பார்த்தபோது எழுத்துகளை வாசிக்க முடிந்தது.

“இருட்டுக்குள்ளே கமராவைத் திறந்து வைச்சு என்னத்தை எடுக்கிறது?” என்று எந்த ஊர்ப் பெரியவரும் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேகப் புகைப்படக்கலையின் முழு இரகசியமும் அதற்குள்தான் இருக்கிறது. இருட்டில் திறந்திருக்கும் கமராவுக்கு ஒன்றும் தெரியாது. பொறி எரிந்த கணம் மட்டும் அதற்குத் தெரியும். இதை அறிந்த பிறகும் ஒரு தண்ணீர்ச் சொட்டைப் படமெடுக்க இன்னும் நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. சொட்டு விழுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் இருந்திருக்க வேண்டும்.

இருக்கிறது என்று காட்டியது ஒரு பள்ளிக்கூடத்து மை.

1870களின் நடுப்பகுதி. இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கூடத்தில், புகை படியவிட்ட கண்ணாடித் தகட்டில் தற்செயலாக மைத்துளிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் புகைக்கரியைத் துடைத்து ஒரு கோலம் விட்டிருந்தது. நடுவே வட்டம், சுற்றிலும் கதிர்கள், கதிர் நுனிகளில் புள்ளிகள். இதைக் கண்டவர் நியூவால் என்ற மாணவர், பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் வானியல் அறிஞராக இருந்தவர். அந்தக் கோலத்தைப் பிடித்துக்கொண்டவர் ஆர்தர் மேசன் வொர்த்திங்டன். 1852இல் பிறந்தவர், அப்போது இருபதுகளின் நடுவயது. சொட்டு இருந்த இடத்தில் அதன் சுவடுதான் மிச்சம். நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். 1876இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்துவிட்டது.

அவர் செய்த கருவியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். இன்று கடையில் விற்கும் மின்னணுத் தூண்டுகருவிகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். ஒரு நெம்புகோலின் நுனியில் புகையூட்டிய சிறு கண்ணாடிக் கிண்ணம். அதில் ஒரு சொட்டுப் பால் அல்லது பாதரசம். புகை படிந்திருப்பதால் சொட்டு கண்ணாடியில் ஒட்டாது. பக்கத்தில் இன்னொரு நெம்புகோல், அதில் ஒரு சிறு குண்டு. இரண்டையும் மின்காந்தங்கள் பிடித்து வைத்திருக்கும். மின்னோட்டத்தை நிறுத்தினால் இரண்டு கைகளும் ஒரே கணத்தில் விலகும், சொட்டும் குண்டும் சேர்ந்தே விழத் தொடங்கும். சொட்டு கீழே உள்ள நீரில் விழும். குண்டு ஒரு தட்டில் மோதி, மின்பொறி ஒன்றைக் கொளுத்தும். அந்தப் பொறியின் வெளிச்சத்தில் தெறிப்பு தெரியும்.

குண்டு விழும் உயரத்தைச் சற்றே கூட்டினால் பொறி சற்றே பிந்தும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் கொஞ்சம் பிந்தும். அவருடைய கடிகாரம் இதுதான். விழும் பொருள்கள் எல்லாம் ஒரே கணக்கில் விழும் என்ற கலிலியோவின் விதியை வைத்து, வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளை ஓர் அளவுகோலால் அளந்தார். நுட்பமான மின்னணுப் பொருள் ஒன்றும் இல்லாத காலத்தில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை.

ஆனால் கமரா எங்கே? இல்லை. அந்தக் காலத்துத் தகடுகள் மந்தமானவை, ஒற்றைப் பொறியின் வெளிச்சம் அவற்றுக்குப் போதாது. கண் அவற்றைவிடக் கூர்மையானது. இருட்டில் உட்கார்ந்து, பொறி எரிந்த கணம் கண்ணில் பதிந்த உருவம் மங்குவதற்குள் அதை வரைந்துவிடுவார் வொர்த்திங்டன். பிறகு அதே கட்டத்தில் இன்னொரு சொட்டு, இன்னொரு படம். அது திருப்தியானால் குண்டின் உயரத்தைக் கூட்டி அடுத்த கட்டம். அதாவது, ஒரு சொட்டின் கதை என்று நாம் பார்ப்பது நூற்றுக்கணக்கான சொட்டுகள் ஆளுக்கொரு கணம் கொடுத்துக் கட்டிய கதை. இன்று வீட்டில் தெறிப்புப் படம் எடுப்பவர்கள் செய்வதும் இதுவே.

அப்படி வரைந்த படங்களில் தெறிப்பு ஒரு ஒழுங்கான அரசாட்சி. சொட்டு நீரில் இறங்கியதும் பள்ளத்தைச் சுற்றி மெல்லிய சுவர் எழும். சுவரின் விளிம்பு தடித்து, அதில் சம இடைவெளியில் முனைகள் முளைக்கும். முனை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முத்து. பின்னர் சுவர் சரிந்து, பள்ளம் நிரம்பி, நடுவிலிருந்து ஒரு தூண் மேலே எழும். அந்தத் தூணை இன்றும் இயற்பியலார் வொர்த்திங்டன் தாரை என்றுதான் அழைக்கிறார்கள். முனைகள் ஏன் முளைக்கின்றன என்பதற்கு அவர் துணை தேடியது பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோவிடம். நீண்ட உருளையாகக் கிடக்கும் நீர் அப்படியே இருக்க மாட்டாது, மணி மணியாக உடையும் என்று சோதித்துக் காட்டியவர் அவர். கிரீடத்தின் விளிம்பும் வளைத்து வைத்த ஓர் உருளைதானே. பிளாட்டோ 1843 அளவிலேயே பார்வையை முற்றாக இழந்துவிட்டார். நீர்மங்களைப் பற்றிய தன் பெருநூலை 1873இல் வெளியிட்டபோது அவர் முப்பது ஆண்டு இருளில் இருந்தவர். உதவியாளர்கள் பார்த்துச் சொல்ல, அவர் எண்ணிச் சொல்ல, வேலை நடந்தது. எவர் கண்ணுக்கும் அகப்படாத ஒன்றை விளக்கக் கண் தெரியாத ஒருவருடைய நூல் கைகொடுத்தது.

1894 இளவேனிலில் நிலைமை மாறியது. உலர் தகடுகள் வேகமானவை ஆகியிருந்தன. வொர்த்திங்டன் இப்போது டெவன்போர்ட் கடற்படைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர், ராயல் சொசைட்டி உறுப்பினர். அந்த ஆண்டு பொறியின் வெளிச்சத்தில் தெறிப்பு நேராகத் தகட்டில் விழுந்தது. தகட்டைக் கழுவிப் பார்த்தால், பதினெட்டு ஆண்டாக வரைந்த ஒழுங்கான கிரீடத்தைக் காணவில்லை! ஒரு பக்கச் சுவர் உயரம், மறுபக்கம் தாழ்வு. முனைகள் இரண்டு ஒட்டிக்கொண்டு, அடுத்தது எட்டப் போய் நிற்கிறது. ஒரு முனை தடிப்பு, ஒன்று நூல். ஒவ்வொரு சொட்டும் தன்தன் கோணலோடு விழுந்திருந்தது.

பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால், கோணலான தெறிப்புகளை அவரே முன்பும் வரைந்திருக்கிறார். வரைந்துவிட்டு, இது பிசகிய சொட்டு என்று ஒதுக்கியிருக்கிறார். மனத்துக்குள் ஒரு பூரணமான தெறிப்பு குடியிருந்தது. கண் கண்டதை அதன்படி திருத்திக்கொண்டே வந்தது கை. இதை மூடி மறைக்காமல் அவரே எழுதினார் என்பதுதான் பெரிய விஷயம். லொரெய்ன் டாஸ்டனும் பீட்டர் கலிசனும் அறிவியலில் புறவய நோக்கு எப்படி உருவாயிற்று என்று 2007இல் எழுதிய நூலை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார்கள். நானும் தெறிப்புப் படத்தின் பிறந்தநாளாக இதையே வைப்பேன். 1851 சக்கரத்தில் நுட்பம் பிறந்தது. நாம் பார்க்க விரும்பாததையும் காட்டிய படம் பிறந்தது 1894இல்.

அதற்குப் பிறகு அவர் ஆர். எஸ். கோல் என்பவரோடு சேர்ந்து வினாடியின் ஆயிரத்தில் ஒவ்வொரு பங்காகத் தெறிப்பைத் தகட்டில் ஏற்றிக்கொண்டே போனார். பொறியின் ஆயுள் வினாடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. நாற்பது சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் சொட்டு நீரைத் தொடும்போது வினாடிக்கு ஏறக்குறைய 2.8 மீற்றர் வேகத்தில் வரும். அந்தப் பொறி எரியும் நேரத்தில் அது நகர்வது மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. 1908இல் ‘தெறிப்புகள் பற்றிய ஆய்வு’ என்ற நூலில் 197 படங்களை வெளியிட்டார். சொட்டு மட்டும் அல்ல, குண்டுகளும் அதில் விழுகின்றன. நன்றாகத் துடைத்து மெருகேற்றிய குண்டு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கி இறங்குகிறது. அதே குண்டைச் சொரசொரப்பாக்கினால் காற்றை இழுத்துக்கொண்டு பெரும் பள்ளம் தோண்டுகிறது. கடற்படைக் கல்லூரிக்காரர் ஆகையால், பீரங்கிக் குண்டு பட்டு விளிம்பு மலர்ந்த இரும்புக் கவசத் தகடுகளையும் நூலின் முடிவில் கொண்டுவந்து, பால் கிரீடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

இந்த ஆய்வு நம்மவர் ஒருவரின் காதிலும் விழுந்தது. காதில் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் 1888இல் பிறந்து, கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம் பார்த்துக்கொண்டே காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்தில் கழித்த சி. வி. ராமன், 1917இல் பேராசிரியரானார். ஒளிச்சிதறலில் அவர் பெயர் பெறுவதற்கு முந்தைய காலம் அது. அப்போது அவர் மனம் வீணை, மிருதங்கம், மோதல் என்று அலைந்தது. பொருள்கள் மிக மெதுவாக மோதுவதைப் புகைப்படத்தால் ஆராய்ந்து 1918இல் ஒரு கட்டுரை எழுதினார். 1920இல் ‘பிலாசபிகல் மகசீன்’ இதழில் தெறிப்புகளின் ஒலிகளைப் பற்றி ஒரு குறுங்கட்டுரை வந்தது. ராமனோடு அதை எழுதியவர் அசுதோஷ் தே. அந்த ஆய்வுகூடத்தின் உதவியாளர், கல்லூரி வாசல் மிதிக்காதவர், எல்லாருக்கும் ஆசு பாபு. ராமன் 1907இல் முதன்முதலாகக் கழகத்தின் கதவைத் தட்டியபோது திறந்தவர் அவர்தான் என்பார்கள். வொர்த்திங்டன் தெறிப்பைப் பார்த்தார், இந்த இருவரும் அதைக் கேட்டார்கள்.

கேட்டதற்கு அர்த்தம் இருந்தது. சொட்டு நீரில் படும் கணத்தில் சத்தமே இல்லை என்று சொல்லலாம். கிரீடம் எழுந்து விழுந்த பிறகு, பள்ளத்தின் அடியில் ஒரு சிறு காற்றுக்குமிழ் சிறைப்படும். அது விம்மி விம்மித் துடிப்பதுதான் நாம் கேட்கும் ‘டிளக்’. குமிழின் அளவுக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை ஒல்லாந்தில் பணியாற்றிய மின்னாயர்ட் 1933இல் கொடுத்தார். ஒரு மில்லிமீற்றர் ஆரமுள்ள குமிழ் வினாடிக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் துடிக்கும். 2018இல் கேம்பிரிட்ஜில் அனுராக் அகர்வாலும் மாணவர்களும் வேகக் கமராவையும் ஒலிவாங்கிகளையும் சேர்த்து வைத்து, குமிழ் தன் துடிப்பால் மேலுள்ள நீர்ப்பரப்பையே அசைத்து அந்தச் சத்தத்தை வெளியே அனுப்புகிறது என்று காட்டினார்கள். அகர்வாலுக்கு இந்தக் கேள்வி வந்தது பிரேசிலில் ஒரு நண்பர் வீட்டில், ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளியால் நித்திரை வராத இரவில். வாளிக்குள் கொஞ்சம் சவர்க்காரத் திரவம் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்பதும் அவர்களுடைய முடிவுகளில் ஒன்று. மாரி காலத்தில் நம் ஊரிலும் செய்து பார்க்கலாம்.

தெறிப்பை உலகறியச் செய்தவர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன். 1903இல் நெப்ராஸ்காவில் பிறந்தவர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பாதரச விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னியதில் சுழலும் மோட்டார் நின்றதுபோல் தெரிந்தது அவர் கவனத்தை இழுத்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் வீட்ஸ்டன் கண்டதும் அதுவேதான். 1931 அளவில் அவரிடம் நம்பகமான மின்னணுப் பிளாஷ் இருந்தது. லைடன் சாடி இப்போது மின்தேக்கி ஆகியிருந்தது, பொறி வாயு நிரப்பிய குழாய்க்குள் போயிருந்தது. அவர் பால் சொட்டைப் பிடிக்கத் தொடங்கினார். பால் வெள்ளை, ஒளி ஊடுருவாது, விளிம்பு துலங்கித் தெரியும். 1936இல் எடுத்த கறுப்பு வெள்ளைக் கிரீடம் 1937இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் பெரிய புகைப்படக் கண்காட்சியில் தொங்கியது. சிவப்புப் பின்புலத்தில் முத்துகள் கோத்த கிரீடமாக இன்று எல்லாரும் அறிந்த வண்ணப் படம் 1957 ஜனவரி 10 அன்று எடுத்தது. இடைப்பட்ட இருபது ஆண்டிலும் அவர் சொட்டை விடவில்லை, முனைகள் எல்லாம் சமமாக நிற்கும் ஒன்று வேண்டும் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. வொர்த்திங்டன் கைவிட்ட பூரண கிரீடத்தை எட்ஜர்ட்டன் கமராவோடு திரும்பத் தேடிப் போனார். எத்தனையோ தகடுகளைத் தள்ளி ஒன்றைப் பொறுக்கினார். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகம் முழுவதும் சொட்டுப் படம் எடுப்பவர்கள் அந்த ஒன்றையே அளவாக வைத்துக்கொண்டு, கோணலானவற்றை அழித்துவிடுகிறார்கள். தெறிப்பைப் பற்றி இன்னும் விளங்காதவை பல அந்தக் கோணலில்தான் கிடக்கின்றன. 2005இல் சிக்காகோவில் சூ, ஜாங், நேகல் மூவரும் உலர்ந்த கண்ணாடியில் சொட்டை விழவிட்டு, சுற்றியுள்ள காற்றை மெல்ல மெல்ல உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு கட்டத்துக்குக் கீழே தெறிப்பே இல்லை, சொட்டு சத்தமின்றிப் பரவிக் கிடந்தது. தெறிப்பதற்குக் காற்று வேண்டும் என்று அதுவரை எவர் நினைத்தார்?

இனி வீட்டு விஷயம். அனலைதீவில் ஒரு வீட்டில் இதைச் செய்ய என்ன வேண்டும்? வேண்டியதில் பெரும்பகுதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. முதல் தேவை நல்ல இருட்டு. புகையிலைத் தோட்டங்களும் பனைகளும் சூழ்ந்த, தெருவிளக்கின் தொல்லை குறைந்த தீவில் அதற்குப் பஞ்சமில்லை. மின்சாரம் பெரிதாக வேண்டியதில்லை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்குமாக இந்திய நன்கொடையில் 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்றாலை கொண்ட திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆனால் இந்த வேலைக்கு அதுகூட வேண்டாம், கமராவின் மேல் பொருத்தும் கைப்பிளாஷ் நான்கு பென்ரோர்ச் பற்றரியில் ஓடும். அந்தப் பற்றரிகள் சில வினாடிகள் மூச்சுப் பிடித்து, ஏறக்குறைய 300 வோல்ற்றில் எழுபது ஜூல் சக்தியை மின்தேக்கியில் சேர்க்கின்றன. அதை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் கொட்டிவிட்டால், அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு உங்கள் கையில் இருப்பது எழுபது கிலோவாட். லைடன் சாடி செய்ததும் இதையே: மெதுவாகச் சேர், சட்டென்று கொட்டு.

ஆனால் முழு வலுவில் அடிக்கக்கூடாது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் சொட்டு கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர் நகர்ந்து படம் கலங்கிவிடும். இவ்வகைப் பிளாஷில் வலுவைக் குறைத்தால் வெளிச்சம் மங்குவதில்லை, சீக்கிரம் அறுபடுகிறது. 32இல் ஒரு பங்குக்கோ 64இல் ஒரு பங்குக்கோ கொண்டுபோனால் அதன் ஆயுள் வினாடியின் பதினையாயிரம், இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். சொட்டு நகர்வது ஒரு மில்லிமீற்றரின் சிறு கூறுதான். வெளிச்சம் போதாவிட்டால் பிளாஷைக் கிட்டக் கொண்டுவாருங்கள், வலுவைக் கூட்டாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது.

கமராவில் வினாடியின் 4,000இல் ஒரு பங்கு வேகம் இருக்கிறதே, அது போதாதா என்றால், பிளாஷோடு அது சேராது. அந்த வேகத்தில் திரை முழுதாகத் திறப்பதே இல்லை. ஒரு ஒடுங்கிய பிளவுதான் படத்தின் மேல் ஓடிப்போகிறது. ஆகவே டால்பட் செய்ததைச் செய்யுங்கள்: இருட்டறை, அரை வினாடி திறந்த கமரா, இடையில் ஒரு மின்னல்.

தண்ணீர் தீவில் விலையுள்ள பொருள். சுண்ணக்கல்லுக்குள் மெல்லிய ஏடாகக் கிடக்கும் நன்னீரைக் கோடையில் கிணற்றடியில் அளந்து அள்ளும் ஊர் அது. இந்த வேலைக்கு ஒரு தட்டம் தண்ணீர் இரவு முழுவதும் போதும், மறுநாள் பூமரத்துக்கு ஊற்றலாம். தட்டத்தை விளிம்பு தளும்ப நிரப்பி, பின்னால் ஒரு வண்ணக் காகிதத்தை நிறுத்தி, பிளாஷை அந்தக் காகிதத்தின் மேல் திருப்புங்கள். தண்ணீர் தானாக நிறம் எடுக்கும். மேலே, மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய சேலைன் குழாயைக் கட்டிவிட்டால் சக்கரத்தைத் திருகித் திருகிச் சொட்டின் தாளத்தை வைத்துக்கொள்ளலாம். குழாய் இல்லையென்றால் ஊசித்துளை போட்ட பொலித்தீன் பை. சொட்டு விழும் இடத்தில் ஒரு ஆணியை நிறுத்தி, அதில் குவியத்தைக் கையால் சரிசெய்து பூட்டிவிட்டு ஆணியை எடுத்துவிடுங்கள். எட்ஜர்ட்டனின் கிரீடம் வேண்டுமென்றால் தட்டத்தில் ஆழமான தண்ணீர் கூடாது, பால்மாக் கரைசலின் மெல்லிய படலம் போதும். வொர்த்திங்டனின் தூண் வேண்டுமென்றால் ஆழம் வேண்டும். தூண் எழுந்து நிற்கும் கணத்தில் அடுத்த சொட்டு அதன் தலையில் விழுந்தால் குடை விரியும். அதைப் பிடிக்கத்தான் ஆட்கள் சின்னக் கணினிப் பலகையும் மின்வால்வும் வாங்குகிறார்கள். தாளம் பிடித்த காது இருந்தால் அவை இல்லாமலும் கிடைக்கும், கொஞ்சம் பொறுமை செலவாகும்.

சத்தத்தைக் கேட்டு அடிக்கும் தூண்டுகருவியை இதற்கு வாங்காதீர்கள். பலூன் உடைவதற்கு அது சரி. சொட்டின் சத்தம் வரும்போது கிரீடம் எப்போதோ போய்விட்டிருக்கும்.

கமராவே இல்லாதவர்கள் நண்பகலில் செய்யலாம். தீவின் வெயிலில் கைபேசிக் கமராவின் வேகத்தைக் கையால் கூட்டிக்கொள்ளும் வசதி இருந்தால், 8,000இல் ஒரு பங்கு வரை வெளிச்சம் தாங்கும். கைபேசியின் ரோச் லைட்டை இரவில் நம்பிப் பயனில்லை, அது நின்று எரியும் விளக்கு, பொறி அல்ல. இரவில் ஒரு பிளாஷை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு, இருட்டறையில் சொட்டின் மேல் அடித்து, வெறும் கண்ணால் பார்க்கலாம். வொர்த்திங்டன் பதினெட்டு ஆண்டு பார்த்தது அப்படித்தான். பிள்ளைகள் ஒரு காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, கண்டதை உடனே வரையட்டும். வரைந்த பிறகு படம் எடுத்து ஒப்பிட்டால், 1894 அந்த அறைக்குள் மறுபடி நடக்கும். அனலைதீவு சதாசிவ மகா வித்தியாலயத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். செலவு அதிகம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய பிளாஷையோ பழைய ஃபிலிம் கமராவையோ பிள்ளைகள் கழற்ற விடாதீர்கள். பற்றரியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிக்குள் முந்நூறு வோல்ற் காத்திருக்கும். முஸ்சன்புரூக்கை உலுப்பிய அதே சங்கதி. கடற்காற்றின் உப்பும் கமராவுக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

வொர்த்திங்டனின் இரண்டு நூல்களுக்கும் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1895இல் வந்த சிறுநூலில் உள்ள சித்திரங்களை முதலில் பாருங்கள், 1908 நூலின் 197 படங்களை அதன் பிறகு பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.